எங்கு வேண்டுமானாலும் வீடு வைக்கலாம்

ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது. துணி துவைக்கிற மெஷினைப் போடக்கூட யோசிப்பார்கள், கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்குமாம். அப்படி ஊரே அடங்கிக் கிடக்கும் ஒரு பகலில்தான் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் உர்சுலா முதல்முறையாகத் தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். போனால் மேசையில் கேக், பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டுப் பெட்டி. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். பிள்ளைகள் இல்லை, விளையாடப் போவது நாம்தான் என்றாள். அவள் புருஷன் டீட்டர் அறுபதை நெருங்குகிறவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு மூலை அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மேசை மேல் ஒரு தீவைச் செய்தார்.

ஆட்டம் கடினமில்லை. காடு மரம் தரும், களிமண் குன்று செங்கல் தரும், புல்வெளி ஆடு, வயல் கோதுமை, மலை இரும்பு. ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண். தாயக்கட்டையில் அந்த எண் விழுந்தால், அந்த அட்டையின் மூலையில் வீடு வைத்திருப்பவருக்கு அந்தப் பொருள் சீட்டாகக் கிடைக்கும். ஒரு மரமும் ஒரு செங்கலும் சேர்ந்தால் ரோடு. அதோடு ஆடும் கோதுமையும் சேர்ந்தால் வீடு. கையில் இல்லாததை மற்றவரிடம் பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம். பத்துப் புள்ளி முதலில் எடுப்பவர் ஜெயித்தவர். இரண்டு வீடுகள் மட்டும் அடுத்தடுத்த மூலையில் இருக்கக் கூடாது, இடைவெளி வேண்டும் என்றார் டீட்டர். பன்னிரண்டு குடும்பம் ஒரே கூரையின் கீழ், பக்கத்துக் காம்பராவில் இருமினால் நம் சுவர் அதிர்கிற தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு ஒரு சின்னச் சிவப்பு வீட்டை என் உள்ளங்கையில் வைத்து, "யெட்ஸ்ட் டூ," இப்போது நீ, என்றார். முதல் வீட்டை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "யாரிடம் கேட்க வேண்டும்?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். உர்சுலா விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "யாரிடமும் இல்லை. தீவு காலி," என்றாள். என் ஜெர்மன் போதாததால் அப்படிக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டம். லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம், எதற்கும் மேனேஜர் தொரையையோ அவருக்குக் கீழே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையோ கேட்க வேண்டும். அண்ணன் மணியத்துக்கு அங்கேதான் தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் வேலை. நான் இங்கே வந்த இரண்டாம் வருஷம் போனில், "லீவுல வந்தா எங்கம்மா படுப்ப? ஒரு காம்பராவுல நானும் அண்ணியும் நீயுமா? பின்னால ஒரு ரூம் எடுத்துக் கட்டுறேன்," என்றார். வேலை முடிந்த பிறகு செங்கல்லை ரோட்டிலிருந்து மேலே தானே தலைச்சுமையாகத் தூக்கினார். சுவர் நெஞ்சுயரம் வந்ததும் வீடியோவில் காட்டினார். ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில் முகத்தை வைத்துச் சிரித்தார். அடுத்த வாரம் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"தொரை பாத்துட்டாரும்மா. கேக்காம கட்டினதாம். கண்டாக்கு வந்து, நாளைக்கு ஆள் விட்டு ஒடைப்போம்னு சொல்லிட்டுப் போனாரு. அவங்க ஒடைச்சா கல்லு தூளாப் போயிரும். அதான் நானே பிரிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமாண்ணே?"

"எல்லாத்தையும்தான். பின்னால அடுக்கி, தகரம் போட்டு மூடி வச்சிருக்கேன். நமக்கு வீடு கட்ட எடம் குடுக்கிறப்போ ஒதவும்ல."

ஆட்டத்தில் டீட்டர், இரண்டு ஆடு தருகிறேன், ஒரு செங்கல் கொடு என்றார். கையில் மூன்று வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. மூன்று ஆடு என்றார். மாட்டேன் என்றேன். கெட்டிக்காரி, நன்றாகப் பேரம் பேசுகிறாள் என்று உர்சுலா கை தட்டினாள். அடுத்து டீட்டருக்கு ஏழு விழுந்தது. ஏழு விழுந்தால் கொள்ளைக்காரன் என்றொரு கறுப்புக் கட்டையை நகர்த்த வேண்டும். அது நிற்கும் நிலம் ஒன்றும் தராது. அவர் அதை என் களிமண் குன்றில் வைத்து, என் கையிலிருந்து ஒரு சீட்டை உருவினார். செங்கல். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது உர்சுலா கதவருகே நின்றிருந்தாள். "இது வெறும் விளையாட்டுத்தானே," என்று தோளைப் பிடித்தாள். எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்துச் சொல்லிப் பார்த்தேன். என் அண்ணன். செங்கல். வீடு. சுவர். அவள் முகம் தெளிந்தது. "ஓ, மௌரர்!" கொத்தனார். அண்ணனை நினைத்துக்கொண்டாளாக்கும், பாவம் என்று டீட்டரிடம் சொன்னாள். அதைத் திருத்தத் தேவையான சொல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. "யா," ஆமாம், என்றேன். அதிலிருந்து வேலையிடத்தில் பார்க்கும்போதெல்லாம், "உன் கொத்தனார் அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்பாள். நலம் என்பேன். பிற்பாடு மொழி வந்தது. அதற்குள் அந்தப் பொய் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

போன மழைக்காலத்தில் அண்ணன் ஸ்டோரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. என் விசா புதுப்பிக்க அலுவலகத்தில் கிடந்தது. போனால் திரும்பி வர முடியாது. தேயிலைக்கு நடுவே குழிக்குள் இறக்குவதை அண்ணி யாரோ ஒருவரின் போனில் காட்டினாள். பாதியில் சிக்னல் போய்விட்டது. மறுநாள் வேலைக்குப் போனேன். உர்சுலா கட்டிப்பிடித்து அழுதாள். "எத்தனை வீடு கட்டியிருப்பார்!" என்றாள். நிறைய என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். வேன் தோட்டத்து கேட்டில் நின்றது. வாட்சர் புதிது, என்னைத் தெரியாது. வெளியாட்கள் பதிய வேண்டும் என்று ஒரு தடித்த கொப்பியை ஜன்னல் வழியாக நீட்டினார். "நான் இந்தத் தோட்டந்தாங்க," என்றேன். என் கோட்டையும் பெட்டியையும் பார்த்தார். "சரிங்க மேடம், இருந்தாலும் எழுதிருங்க," என்றார். பெயர் எழுதினேன். விலாசம் என்ற இடத்தில் தெருவும் வீட்டு நம்பருமாக எழுத எனக்கு ஜெர்மனி விலாசம்தான் இருந்தது. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பேனா நின்றது. பின்னால் கொழுந்து லொறி ஹோன் அடித்தது. மணியம், அண்ணன் என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.