இறங்கும் பலகை

துறைமுகத்துக் கரி யார்டில் ஒவ்வொரு ரயில் வேகனுக்கும் இரண்டு பலகைகள் சாய்த்திருப்பார்கள். ஒன்றில் தலையில் கரிக்கூடையோடு ஏற வேண்டும். கொட்டிவிட்டு மற்றொன்றில் வெறுங்கூடையோடு இறங்க வேண்டும். ஏறும் பலகையில் நிற்கக் கூடாது. ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் விழுவான். அதனால் ஏறும்போது கால் விரலைத் தவிர வேறு நினைப்பு ஓடாது. இறங்கும்போதுதான் மூச்சு வரும், பேச்சு வரும். நான் எழுதி அச்சில் வந்த இரண்டு கதைகளும் அந்த இறங்கும் பலகையில் வாக்கியம் வாக்கியமாக வந்தவைதான். சாயங்காலம் குழாயடியில் கை கழுவியதும், மறப்பதற்குள் எழுதி வைப்பேன்.

எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். உலகச் சண்டை முடிந்த சமயத்தில் ராயபுரத்தில் வந்து ஒதுங்கினேன். கரி யார்டில் எனக்கு முன்னால் ஏறுகிறவன் மாதாகோவில் பக்கத்துக் கிறிஸ்தவன். அவனுக்கு எழுத்து தெரியாது. நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததிலிருந்து, இறங்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக் கேட்பான்: "இன்னா மாமு, எதுனா வந்துச்சா?" வந்ததைச் சொல்வேன். பிடித்தால் சிரிப்பான். பிடிக்காவிட்டால் "கலீஜா கீது" என்பான். அதற்காக நான் எதையும் மாற்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. கரி சுமக்கிறவர்கள் எல்லோருக்கும் கறுப்பாகத்தான் சளி வரும். அவனுக்கு அதில் சிவப்பும் கலந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து செத்துப்போனான். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, தலைமாட்டில் மரச்சிலுவை நட்டோம். கல் வைக்காத குழியைச் சில வருஷம் கழித்து வேறொருவருக்காகத் தோண்டிவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அவன் மனைவி மீன் விற்கிறவள். ஒருநாள் என் வீட்டுக்கு எதிரே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "கல்லு வெக்கறதுக்கு எனக்கு வக்கில்லண்ணே. போட்டாவும் கெடையாது. நீ எய்துறவன்தானே. எங்க வூட்டுக்காரரு, அத்தப் பத்தி எதுனா எய்து. கல்லறத் திருநாளுக்கு அங்க வந்து படி."

சரி என்றேன். அதைவிடச் சுலபமான வேலை எனக்கு இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் நான் கரி சுமப்பதை விட்டிருந்தேன். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது. நாலு எழுத்து தெரிந்தவன் என்று யார்டு மேஸ்திரி திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் உப்புக் கிடங்கின் வாசலில் உட்கார வைத்தார். வண்டி வந்தால் கதவைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு மேசை, புளியமர நிழல். பகல் முழுவதும் நேரம். இப்படி ஓர் இடம் கிடைக்காதா என்று பல வருஷம் ஏங்கியவன் நான்.

உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவன் இருமலை எழுதினேன், அடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலை எழுதினேன். ஏழையின் சாவு என்று பெரிதாக ஆரம்பித்துப் பார்த்தேன். ஏதோ செத்த ஒருவனைப் பற்றி, அவனைப் பார்த்தே இராத ஒருவன் எழுதியது போல இருந்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கதவு திறக்கத் தாமதமாகிறது என்று வண்டிக்காரர்கள் ஏசினார்கள். அவள் மீன் கொண்டுவரும் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன். எழுத்து என்பதே எனக்கு இனி இல்லை என்ற பயம் வந்தது. அதைவிட, அந்தக் குழியைத் தோண்டும்போது அவனைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட இருக்காதே என்ற நினைப்பு சோற்றை இறங்கவிடவில்லை.

திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லீவு நாளில், விடிந்ததும் கடலோரமாக வடக்கே நடந்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. நடந்தால் ஏதாவது வரும் என்று மட்டும் ஓர் ஆசை. அதனால் ஒவ்வோர் அடிக்கும் அவனையே நினைத்துக்கொண்டு நடந்தேன். திருவொற்றியூர் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய எண்ணூர் முகத்துவாரம் வரை போய்விட்டேன். அதற்கு மேல் தண்ணீர்.

அங்கே படகில் இருந்தவர் அக்கரை போக வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சும்மா வந்தேன் என்றேன்.

"சும்மா வர்ற எடமா இது, நைனா? வூட்ல சண்டையா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. குதிக்கிற எண்ணம் இருந்தால் இங்கே வேண்டாம், இந்த ஓரத்தில் இடுப்பளவுதான் ஆழம் என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

மணலில் உட்கார்ந்தேன். அங்கேதான் முடிவு செய்தேன்: என்னால் முடியாது. அவளிடம் போய் அப்படியே சொல்லிவிடுவது. கதையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அழுகைகூட வரவில்லை. எழுந்து திரும்பினேன்.

போகும்போது வலது கைப்பக்கம் இருந்த கடல் இப்போது இடது கைப்பக்கம் வந்தது. மனசில் எதுவும் இல்லை. பசி மட்டும் இருந்தது. திருவொற்றியூரை நெருங்கும்போது கால் தானாக ஒரு பழைய வேகத்துக்கு வந்தது. முதுகு லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. பலகையில் இறங்கும் நடை அது.

அப்போது முன்னால் அவன் இறங்கினான். கொட்டிய கூடையைத் தொப்பி மாதிரி முகம்வரை கவிழ்த்துக்கொண்டு, பின்னல் ஓட்டை வழியாக வழி பார்த்தபடி, மிச்சக் கரித்தூள் தோளில் கொட்ட இறங்கினான். தினமும் அப்படித்தான் இறங்குவான். என்னிடம் பேசத் திரும்பும்போது மட்டும் கூடையைத் தூக்குவான். மேஸ்திரி கத்துவார். எத்தனையோ தடவை பார்த்ததை நான் எழுத நினைக்கவே இல்லை. இவ்வளவு நாளும் ஏறும் பலகையில் நின்றுகொண்டு அவனை எழுதப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் வந்தது. அவ்வளவுதான். அடுத்த நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடி எல்லாம் அடைத்துக்கொண்டது. கதவுக்கும் புளியமரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கிடங்குக்காரர் கூப்பிட்டு, உனக்கு உட்காரத்தானே சம்பளம் என்றார். அந்த வேலை அதிக நாள் நிலைக்கவில்லை.

திருநாளன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. கல் வைத்தவர்கள் சுண்ணாம்பு அடித்துப் பூப் போட்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் மண் அமுங்கிக் கிடந்தது. மரச்சிலுவையைக் காணோம். அவள் இரண்டு மேட்டுக்கு நடுவில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கதான்னு நெனைக்கிறேன்" என்று மெழுகுவத்தியை ஏற்றி ஊன்றினாள். நான் படித்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது.

"செத்ததப் பத்தி ஒண்ணும் காணோமே" என்றாள்.

வரவில்லை என்றேன்.

மெழுகுவத்தி அணைந்திருந்தது. அவள் மறுபடி ஏற்றவில்லை.

"கூடையக் கவுத்துக்கினா எறங்கும் அது? வூட்ல சொன்னதே இல்லியே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு தபா படிண்ணே."

காகிதம் நனைந்து கையில் ஒட்டியது. பென்சில் எழுத்து என்பதால் அழியவில்லை. இன்னொரு தடவை படித்தேன். அவன் தலைமாட்டில்தான் நின்றேனா, வேறு யார் தலைமாட்டிலாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.