சவுரியப்பனுக்குக் கேட்காத ஓசை

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் சவுரியப்பன் பதினெட்டு வருடமாக ஞாயிறு பூசைக்குக் கிதார் வாசிக்கிறார். வார நாட்களில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை. போன வருடம் கோயிலின் மரக் கிதார் கழுத்தோடு உடைந்துபோனது. அவரிடம் இருந்ததோ எலக்ட்ரிக் கிதார்.

"பூசையில அந்த அலறல் வேண்டாம்ப்பா" என்றார் பங்குச் சாமியார்.

அதற்கு லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. மரக் கிதாரின் கூடு எப்படி அதிரும் என்பதை அதில் பதிந்து வைத்திருந்தார்கள். அதை எலக்ட்ரிக் கிதாரின் ஒலிமேல் ஏற்றினால் போதும். ஏற்றினார். அடி ஒலி கும்மென்று வந்தது. கம்பியில் நகம் படும் சிலுசிலுப்பு மட்டும் வரவில்லை. கீச்சொலியைத் தூக்கும் ட்ரெபிளைக் கூட்டினார். அடுத்த வாரம் இன்னும் கூட்டினார்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் ஜாஸ்மின் வந்தாள். "அண்ணா, காதைக் கிழிக்குதுங்க. கொஞ்சம் கொறைங்க."

"ஸ்பீக்கர் சரியில்லம்மா."

சாயங்காலம் வீட்டில் வேறு ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தார். கம்பியைத் தட்டும்போதெல்லாம் லேப்டாப் திரையில், கீச்சொலியைக் காட்டும் வலது ஓரத்தில் கோடு எகிறியது. மற்ற ஒலியையெல்லாம் அடக்கிவிட்டு அந்த ஓரத்தை மட்டும் ஓடவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை ஏற்றினார்.

அடுப்படியிலிருந்து மனைவி தெரசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "நிறுத்துங்க! ஊசி கணக்கா குத்துது!"

அவர் மறுபடி தட்டினார். தெரசாவின் முகம் சுளித்தது. அவருக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தருமபுரியில் காது டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் சத்தத்துல நரம்பு போயிருச்சுங்க. போனது வராது. அங்கயே இருந்தா மிச்சமும் போயிரும்."

வேறு வேலை கிடைக்கும்வரை என்று, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பட்டறைக்கே போனார். பதினோராம் நாள், சங்கிலியில் தொங்கிய கல் நழுவியது. பின்னாலிருந்து, கூட வேலை செய்யும் முருகேஷ் கத்தினான். திரும்பவும் கத்தினான். பிறகு பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். கல் விழுந்தது சவுரியப்பனுக்குக் காலடித் தரையின் அதிர்வில்தான் முதலில் தெரிந்தது.

அன்றோடு வேலையை விட்டார். இப்போது தக்காளித் தோட்டம். கோயிலில் ட்ரெபிளை ஜாஸ்மின்தான் வைக்கிறாள். அசல் மரக் கிதார் மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார்.

போன மாதத்திலிருந்து, பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் அவர் காதில் வெறுமையாக இருக்கிறது. தெரசாவிடம் இன்னும் சொல்லவில்லை.