அம்மா வெட்டிய ஆள்

கத்தி பட்ட காட்டுச் சாதிக்காய் மரத்தில் சிவப்புப் பால் வடிந்ததும், "ரத்தம்!" என்று மகள் அலறினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

எண்பதுகளின் கடைசி, ஊரெல்லாம் கொலை நடந்த கலவரக் காலம். லக்கல ரோட்டுச் சோதனைச் சாவடியில், விறகுக்கட்டோடு வந்த அம்மாவைப் பொலிஸ்காரர் நிறுத்தினார். கத்தியிலும் சேலையிலும் சிவப்புக் கறை. கட்டை இறக்கச் சொல்லி, "யாரை வெட்டுன?" என்று துவக்குக் குழலை அம்மா பக்கம் நீட்டினார். அப்போது சிறுபிள்ளையான நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"வாங்க சார், வெட்டுன ஆளக் காட்டுறேன்."

காட்டுக்குள் கூட்டிப்போய், தான் வெட்டிய காட்டுச் சாதிக்காய் மரத்தின் பட்டையை அம்மா மறுபடி கீறினாள். ரத்தமாகவே வழிந்தது. "இலையெல்லாம் சாதிக்கா மாதிரிதான் சார், காயில வாசந்தான் கிடையாது." அவர் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

சாவடியில், போகலாம் என்று அவர் சொன்ன பிறகும் அம்மா நகரவில்லை. "இறக்கச் சொன்னது நீங்கதானே? தூக்கி விடுங்க."

துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் குனிந்து கட்டைத் தூக்கி அம்மா தலையில் வைத்தார்.

கேட்டு முடித்த மகள் கத்திக்குக் கை நீட்டினாள். அவளும் ஒரு கீறல் போட்டுப் பார்க்கணுமாம்.