தறிக்கொட்டகை முன் நட்ட முளை

சித்தூர்ப் பக்கம் கிளம்பி, கொசஸ்தலை ஆற்றின் கரையை விடாமல் பிடித்துக்கொண்டு, எண்ணூரில் கடலைத் தொடப்போகிற ரோடு என்று சொன்னார்கள். எழுபதுகளின் நடுவில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் திருத்தணியை விட்டு வடிந்த வாரத்தில் அந்தப் பேச்சு எங்கள் நெசவுத் தெருவுக்கு வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் நம்பவில்லை. "ஆத்துல தண்ணியே இல்ல. அதுங்கூட ஒரு ரோடு எதுக்கு? மணல் வாரத்தான்" என்றார். அவர் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. கடையில் வாங்கிய தீப்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மடியில் வைப்பார். எனக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் உண்டு.

ரோடு எங்கள் தெருவழியாகத்தான் போகவேண்டும். தெருவின் ஒரு பக்கம் எங்கள் வீடும், இரண்டு தறி போட்ட கொட்டகையும். நேர் எதிரே அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. பாவா, அதாவது அக்கா புருஷன், அங்கே தறி போட்டிருந்தார். ரோடு எங்கள் பக்கம் ஒதுங்கினால் கொட்டகை போகும். அந்தப் பக்கம் ஒதுங்கினால் பாவாவின் வீட்டு முகப்பு போகும். கொட்டகை போனால் எங்களுக்குச் சோறு இல்லை.

அளக்க வந்தவர்கள் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த மரமுளைகளை இரண்டு பக்கமும் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் முளை கொட்டகைக்கு நன்றாகத் தள்ளி, தெருவில்தான் நின்றது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அந்த மூச்சு நிலைக்கவில்லை. சில நாளில் முளை கொட்டகையை நெருங்கியிருந்தது. இன்னும் சில நாளில் சுவருக்கு இரண்டு முழத்தில் நின்றது. எதிர்ப்பக்கத்து முளை மட்டும் நட்ட இடத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

"அளக்க வந்தவனுங்களுக்கு எளநி வெட்டிக் குடுத்தான் பாரு, அப்பவே நெனைச்சேன்" என்றார் நைனா, பாவா வீட்டைப் பார்த்து.

"வெயில்ல நின்னவங்களுக்கு எளநி குடுத்தா தப்பா?" என்றாள் அம்மா.

"நமக்கு எப்பவாச்சும் வெட்டிக் குடுத்துகிறானா?"

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இறங்கிவிட்டது. பாவா சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தேன். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறார் என்று பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் கடப்பாரை சாத்தியிருந்தால் அதன் நுனியில் ஒட்டியிருப்பது எந்த மண் என்று பார்த்தேன். தெருவெல்லாம் ஒரே மண்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா அப்போது தலைப்பிள்ளை சுமந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். நைனா அசையவில்லை. "அவன் வந்து முளைய நவுத்தினது நான்தான்னு சொல்லட்டும். அப்பறம் இஸ்துகினு வரலாம்." பாவா வரவுமில்லை, சொல்லவுமில்லை. அக்கா எங்கள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தெருவைத் தாண்டினால் தாய்வீடு. அந்தத் தெருவைத் தாண்ட முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்து அம்மா அடுப்படியில் அழுவாள்.

எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் வாரிக் காயவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டும். வழியில் எது இருந்தாலும் எடுத்து ஓரம் வைப்பார்கள். மாடு கட்டும் முளைக்குச்சி, யார் வீட்டுக் கல், யார் வீட்டுக் கட்டில், எதற்கும் யாரையும் கேட்பதில்லை. முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவார்கள். அதுதான் தெரு வழக்கம்.

கொட்டகைப் பக்கம் நின்று வாருவது எப்போதும் அக்காவின் இடம். அவள் வராததால் அன்றைக்கு நைனா என்னை அங்கே நிறுத்தினார். பாவை இழுத்துக்கொண்டு வந்தவர், குறுக்கே நின்ற சிவப்பு முளையை ஒரே உலுக்கில் பிடுங்கி ஓரத்தில் போட்டார். நூல் காய்ந்து சுருட்டியானதும் அதை எடுத்து, அடுத்த பாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக வைத்து, கல்லால் இரண்டு போடு போட்டார். கண் முளையில்கூட இல்லை. பாவிலேயே இருந்தது.

"நைனா, நீதான் நவுத்துற!"

"பாவுக்கு எடுத்தத திருப்பி நட்டுட்டேனே!" என்றார் கோபமாக. பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டு முளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. "ஆங், எனக்குத் தெரியும். பாவு வார்றப்ப பக்கத்துலயே நின்னுகினு இருந்தேனே. சொல்லலாம்னுதான் பார்த்தேன். உங்க பாவாதான் வாணாம்னார். மாமாவ தெரு முன்னாடி தலகுனிய வெக்கணுமா, என்னியே திட்டிட்டுப் போகட்டும்னார்."

அப்படியே வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு, "அப்ப மொதல்லருந்தே அவனுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார். அதிலும் ஒரு சூதைத் தேடினார். அன்றைக்கு என் அப்பாவை நான் வெறுத்தேன்.

மறுபடி வந்த அதிகாரிகள் அந்த முளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றுப் பாலத்தடியில் பதித்திருந்த அளவுக்கல்லிலிருந்து புதிதாக அளந்தார்கள். கொட்டகை தப்பியது, பாவா வீடும் தப்பியது. நைனா மட்டும் எதிர்ப்பக்கம் போகவில்லை. அக்காவுக்கு எதிர்வீட்டிலேயே பிரசவம் ஆனது. அம்மா மட்டும் போய் இருந்தாள்.

தார் ஊற்றிய மறுநாள் குழந்தை விடாமல் அழுதது. கொட்டகையில் நைனாவின் தறி நின்றது. காது கொடுத்துக் கேட்டார். "ஏன் இப்படி அழுவுது? பால் குடுக்கிறாங்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எழுந்து நடந்தார். தார் இன்னும் இறுகவில்லை, இப்போது தாண்டாதீர்கள் என்று ரோட்டு வேலைக்காரர்கள் கத்தினார்கள். ஒரு செருப்பு தாரில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டுப் போனார்.

வாசலில் பாவா நின்றிருந்தார். "கொழந்தைக்கு இன்னா செஞ்சீங்க?" என்றார் நைனா.

பாவா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து, "நீங்களே பாருங்க மாமா" என்று அவர் கையில் கொடுத்தார்.

நைனா துணியை விலக்கினார். கை, கால், காதுமடல், முதுகு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. கடைசியில் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர், யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அழுதார்.