பூவரச மரத்துக்கு நேராக

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். அம்மாவுக்கு அது வராது. தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது எவளாவது குடத்தை முன்னால் நகர்த்தினால் நான் வாய்க்கு வந்ததைக் கத்துவேன். அம்மா, "வுடுடி, அவ ஊட்ல இன்னா அவசரமோ" என்பாள். இப்படி ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டிருந்தால் நம் வீட்டு அண்டா எப்போது நிரம்பும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்குப் பயந்த சுபாவம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

நாங்கள் அம்பத்தூரில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். நைனாவுக்குப் பக்கத்து ஊர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சைக்கிளில் போய் வருவார். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் என் தம்பி மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதுகூட அவனுக்கு ஆகவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மாதா கோயிலில் சாமியாரிடம் மந்திரித்தோம், கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். ஒன்றும் கேட்கவில்லை. அவன் உட்கார நைனா சைக்கிளின் முன்பாரில் ஒரு குட்டி சீட்டு போட்டிருந்தார். அதை அதற்குப் பிறகும் அவர் கழற்றவேயில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் குழிவரைக்கும் வரக்கூடாது என்று எங்கள் சொந்தத்தில் அப்போது ஒரு வழக்கம். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, அவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அம்மாவை நாலு பேர் பிடித்து வீட்டில் உட்கார வைத்தார்கள். நைனாதான் அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தம்பி எங்கே இருக்கிறான் என்பது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்று ஆனது இப்படித்தான்.

எங்கள் கல்லறை ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வருகிற தாழ்வில் இருந்தது. வசதி உள்ளவர்கள் சிமெண்டில் கட்டுவார்கள். மற்றவர்களுக்கு மண்மேடும், வெள்ளை அடித்துக் கறுப்பில் பேர் எழுதிய மரச் சிலுவையும்தான். அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. ஏரித் தண்ணீர் கல்லறைக்குள் புகுந்தது. மேடெல்லாம் கரைந்து தரைமட்டமாகிவிட்டது. மரம்தானே, சிலுவைகள் பிடுங்கிக்கொண்டு மிதந்துபோய் மதில் ஓரமாகக் குப்பையோடு ஒதுங்கின.

தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்கு வந்து தங்கள் வீட்டுச் சிலுவையைத் தேடி எடுத்து, இதுதான் இடம் என்று தோன்றிய இடத்தில் நட்டார்கள். பேர் சிலுவையில் இருந்தது. இடம் மனசில்தான் இருந்தது. அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வழக்கமாவது ஒண்ணாவது என்று நைனாவோடு கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். நைனா மதில் ஓரம் குனிந்து தேடித் தம்பியின் சிலுவையை எடுத்தார். பாசி படிந்திருந்ததைச் சட்டையாலேயே துடைத்தார்.

"எங்க?" என்றாள் அம்மா.

அவர் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, "அதோ, பூவரச மரத்துக்கு நேரா" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். போய் அந்த இடத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். அவள் வாய்விட்டு அழுததை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு அந்த இடம்தான் அம்மாவுக்கு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அங்கே போவாள். புல் பிடுங்குவாள், தலைமாட்டில் சாமந்தி வைப்பாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதிலிருந்து எல்லாக் கதையும் அவனிடம் சொல்லுவாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். அது இல்லாவிட்டால் அவள் தேறியிருக்கவே மாட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

நான் ஸ்கூல் முடிக்கிற சமயத்தில் ஒரு கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களுக்கெல்லாம் பூவும் மெழுகுவத்தியும் வைக்கிற நாள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அன்றைக்கு ஒரு பெண், புருஷனோடு வந்தவள், எங்கள் சிலுவையின் எதிரில் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தாள். கையில் பூமாலை. யாருக்கோ வழி தெரியவில்லை என்று நினைத்தேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் அம்மாவிடம். "இது என் கொழந்த எடம்."

எனக்கு சுர்ரென்று ஏறியது. "இன்னா பேசறீங்க? பேர் எழுதிக்கீது, கண்ணு தெரியல?" என்றேன்.

அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. அவர்கள் ஆவடியில் இருந்தவர்களாம். வெள்ளத்துக்கு முன்னால் கைக்குழந்தை தவறிய கொஞ்ச நாளிலேயே புருஷனுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். "பூவரச மரத்துக்கு நேராக்கா. தலமாட்டுல பாலாடைய பொதச்சு வெச்சேன். பசிச்சா அழுவுமேன்னு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையாலேயே மண்ணைப் பறித்தாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. மழை ஈரத்தில் மண் சுலபமாக வந்தது. முழங்கை ஆழத்தில் அவள் விரல் எதிலோ முட்டி நின்றது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்ன எவர்சில்வர் பாலாடை, மூக்கு நசுங்கி, மண் அடைத்துப் போயிருந்தது.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். விழுந்துவிடுவாள் என்று பயந்தேன். விழவில்லை. கத்தவில்லை. திடுக்கிட்டதுபோலக்கூட இல்லை. பாலாடையை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கி முந்தானையால் அதன் மூக்குவரை துடைத்தாள். திருப்பி அவள் கையிலேயே வைத்தாள்.

"ஒரு வாரம் தவறாம வந்துகினுதாம்மா கீறேன்," என்றாள். "பூ வெக்காம போனதில்ல. உன் கொழந்த தனியா இல்ல, கவலப்படாத."

அந்தப் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து கதறினாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேயறைந்தவர்போல நின்றிருந்தார். "வெள்ளத்துல யாருக்குத்தான் தெரியும், வுடு" என்றாள் அவரிடம். அவ்வளவுதான். சிலுவையைப் பிடுங்கி, எங்கும் நட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவா என்றாள். அது எங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சாய்ந்து நின்றது.

அந்த வரிசையில், வெள்ளத்துக்குப் பிறகு குத்துமதிப்பாக மண் அணைத்துவிட்ட மேடுகள் பேர் இல்லாமல், கேட்பாரில்லாமல் நிறைய இருந்தன. இதில் எதுவோ ஒன்றில்தான் தம்பி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா எல்லாவற்றுக்கும் புல் பிடுங்க ஆரம்பித்தாள். கல்லறைத் திருநாளில் பை நிறைய மெழுகுவத்தி வாங்கிப்போய், முன்னால் இருப்பது கிழவனா கிழவியா என்றுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாக ஏற்றுவாள். நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடப்பேன். எனக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே வயிறு எரியும். ஒரே தம்பி, அவனையும் தொலைத்துவிட்டோம் என்றுதான் தோன்றும்.

நைனா அந்த நாளுக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அம்மா அவரைக் காய்ச்சலில் எழுந்தவரைப் போலப் பார்த்துக்கொண்டாள். காலையில் டிபன் பாக்ஸில் முட்டை வைப்பாள். அவர் வெந்நீருக்குக் கூப்பிடுமுன் வாளி தயாராக இருக்கும். கல்லறைப் பேச்சை அவர் காதுபட எடுக்கவே மாட்டாள்.

தொண்ணூறுகளில் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. ஒரு லீவு நாள் மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு அந்தப் பாலாடை வந்தப்போ நீ ஏம்மா ஒண்ணுமே சொல்லல? அத்தினி வருசம் வேற கொழந்தைக்கு அழுதிருக்கே."

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மொதல் நாளே தெரியும்டி," என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"உங்க நைனா கை காட்டுனாரே, அந்தக் கை நடுங்குச்சு. அவருக்கு எடம் தெரியல. மொகத்தப் பாத்தேன். புள்ளயக் கையால பொதச்ச மனுசன். எங்கன்னு தெரியலன்னு அவரு வாயால சொல்ல வெச்சிருந்தேன்னா அன்னிக்கே செத்துருப்பாரு. அதான் இதுதான்னு போய் உக்காந்துட்டேன்."

"அப்ப யாரோன்னு தெரிஞ்சேவா அழுதே?"

"மொதல்ல நம்மளுதுக்குத்தான் அழுதேன். அப்பறம் கீழ யாரு கீறாங்களோன்னு நெனச்சேன். அதுவும் ஒருத்தி பெத்ததுதானே. நெஞ்சு லேசாச்சு. அப்பத்தான் எனக்குச் சோறே எறங்குச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நைனாகிட்ட சொல்லிடாத. நான் நம்பிட்டேன்னுதான் அவரு இருக்காரு" என்றாள்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல்லு அன்றைக்கு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேனே, அவளை.

அடுத்த மழைக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். அந்த வரிசையின் கோடியிலேயே இடம் கிடைத்தது. தம்பியின் மரச் சிலுவையை அவள் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினோம். அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் நானும் நைனாவும் மட்டும் போனோம். அம்மாவுக்குப் பூ வைத்தோம். நைனா பூவரச மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அன்னிக்கு எடம் தெரியலம்மா," என்றார் திடீரென்று. "வெறும் சேறு. உங்கம்மா எங்கன்னு கேட்டா. தோணுன பக்கம் கையக் காட்டிட்டேன். வெள்ளத்துல கொழம்பிட்டேன்னுதான் அவ நெனச்சா. தெரியாமயே காட்டுனேன்னு அவளுக்குத் தெரியாது, இல்ல?"

பொய் என்றால் எனக்குப் பிடிக்காது. எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லித்தான் பழக்கம். அவர் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாது நைனா," என்றேன். "கடைசி வரைக்கும் நம்பிகினுதான் போச்சு."

"நல்லவேள," என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். பையிலிருந்த மெழுகுவத்திகளை எடுத்துக்கொண்டு பேரில்லாத முதல் மேட்டுக்குப் போய்க் குந்தினார். தீக்குச்சி கிழிக்கும்போது அவர் கை நடுங்கியது. நான் தீப்பெட்டியை வாங்கவில்லை. பக்கத்தில் குந்தி, காற்றுப் படாமல் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.