அம்மாவின் தாலியும் இரண்டு அரசாங்கங்களும்

உங்கள் அம்மாவிடம் தாலியைக் கழற்றச் சொன்னால் எங்கே போய்ப் புகார் செய்வீர்கள்? கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக எங்கள் ஊர் விமான நிலையம் சென்றபோது அம்மாவுக்கு அதுதான் நடந்தது. மெஷின் கத்தியதும், ஒரு பெண் காவலர் அம்மாவின் உடம்பைத் தடவிச் சோதித்தார். அதற்குப் பிறகும், எல்லோர் முன்னாலும் தாலியைக் கழற்ற வைத்தார்.

"விடுலா, வேணாம்," என்றார் அம்மா.

"நாம ஓட்டுப் போட்ட ஆளு எதுக்கு இருக்காரு? மன்னிப்புக் கேக்க வைக்கிறேன் பாரு," என்று பீற்றிக்கொண்டு, எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால், கவுண்டரில் இருந்த அக்கா, "ஏர்போர்ட்டு ஃபெடரல்லா தம்பி. ஸ்டேட்டுக்குப் பவர் இல்ல. படிச்ச பிள்ளைதானே நீ?" என்றார். மத்திய அரசாங்கத்துக்கு எழுதினேன். கேமராப் பதிவு அதற்குள் அழிந்துவிட்டதாம்.

இப்போது எதற்கும் முதலில், அதிகாரம் யார் கையில் என்று கேட்கிறேன். இதை நான் ஃபோனில் தட்டும்போது, விமானமே வேண்டாமென்று, தங்கை வீட்டுக்குப் போக அம்மா பஸ்ஸில் உட்கார்ந்து நாலு மணி நேரமாகிறது.