மாமனாரின் சட்டைப் பூ

என் மாமனார் பட்டாளத்தில் இருந்தவர் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் துப்பாக்கியை நினைத்துக்கொண்டோம். கல்யாணம் முடிந்து இரணியலில் இருந்து அந்த வயற்காட்டு ஊருக்கு வந்த மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அவர் பட்டாளத்தில் பிடித்தது கரண்டி என்று. பர்மா எல்லையில் ஒரு முகாமில் மூன்று வருஷம் சமையல். சைவக் குடும்பத்துப் பிள்ளை, ஆட்டுக்கறி வேறு சமைத்திருக்கிறார். வாயில் வைத்ததில்லை என்று கோயில் இருக்கும் திசையில் கையை நீட்டிச் சத்தியம் செய்வார்.

“பொறவு உப்பு சரியா இருக்குன்னு எப்பிடித் தெரியும் மாமா?”

“அதுக்குன்னு ஒரு ஆளு உண்டும் மக்கா” என்றார்.

அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் வந்த ரகளையில் பாதி வந்திருக்காது.

திருவிதாங்கூர் ராஜ்ஜியம் போய் திரு-கொச்சி மாநிலம் வந்திருந்த சமயம் அது. ஒவ்வொரு நவம்பரிலும் பழைய பட்டாளத்துக்காரர்கள் நாகர்கோவிலில் கூடுவார்கள். சண்டையில் செத்தவர்களை நினைத்து இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். வாசலில் ஒரு சிவப்புக் காகிதப் பூ தருவார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. அவ்வளவுதான் விசேஷம். மாமனார் அதற்கு ஒரு வாரம் முன்பே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போடச் சொல்லிவிடுவார்.

என் மாமியாருக்கு அது இரண்டு நிமிஷக் காரியம் இல்லை. “செத்தவனுவளுக்காகக் கூடி நின்னா அது இழவாக்கும். இழவுக்குப் போனவரு முங்காம வீட்டுக்குள்ள வரப்பிடாது” என்பார். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். சாவுக்குப் போய்வந்தால் உடுத்த துணியோடு குளத்தில் ஒரு முங்கு. ஆகவே மாமனார் பஸ் இறங்கி நேராகக் குளத்துக்குப் போவார், சட்டையும் பூவுமாக முங்குவார். காகிதப் பூ தண்ணீரில் கரைந்து போகும். இழவும் கரைந்துவிட்டது என்று மாமியார் கதவைத் திறப்பார்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கூட்டத்தில் நிற்கும்போதே பூ கரைந்து விழுந்து, வெறும் ஊக்கு மட்டும் சட்டையில் இருந்திருக்கிறது. அன்று மாமனார் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“அவனுக்கு முன்னால வெறும் ஊக்கோட நின்னேன் மக்கா” என்றார். “துணியில ஒண்ணு தச்சுத் தாறியா? நனஞ்சாலும் நிக்கணும். வருசா வருசம் குத்தணும்.”

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தையலில் நான்தான் முதல். சீதனமாகக் கைமெஷின் கொண்டுவந்தவள். பூ தைப்பது ஒரு காரியமா என்று இருந்துவிட்டேன். மறு வருஷம் ஐப்பசியில் உட்கார்ந்தபோதுதான் அது என்ன பூ என்றே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. எங்கள் மண்ணில் அப்படி ஒரு பூ கிடையாது. முழுசாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த ஊக்கின் முனையில் ஒட்டியிருந்த, வெற்றிலை மென்று துப்பியது போன்ற சக்கைதான்.

“எத்தன இதழு மாமா?”

“நாலு. இல்ல, அஞ்சா? நடுவுல கறுப்பா ஒரு பொட்டு.”

“செம்பருத்தி மாதிரியா?”

“செம்பருத்தின்னே வச்சுக்கோ. கொஞ்சம் பட்டாளத்துக்காரனா இருக்கணும்.”

பட்டாளத்துக்காரனாக இருக்கும் செம்பருத்தியை யோசித்துப் பாருங்கள். சிவப்புத் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் நூல் ஓட்டி இழுத்துச் சுருக்கி, ஐந்து இதழ் செய்தேன். நடுவே கோட்டுப் பொத்தான், பின்னால் கெட்டித் துணி வைத்து ஊக்கைச் சேர்த்துத் தைத்தேன். சந்தையில் துணி விற்றவன், சாயம் போனால் தலையை மொட்டையடிக்கிறேன் என்றிருந்தான். அவன் தலையில் ஏற்கெனவே அதிகம் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாமனார் பூவைக் குத்திக்கொண்டு போனார். அன்று மழையே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் எங்கே வாங்கினீர் என்று கேட்டார்களாம். திரும்பி வந்தவர் நெஞ்சை நிமிர்த்தியபடி குளத்தில் இறங்கி, சட்டையும் பூவுமாக முங்கி எழுந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். மாமனாரின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சில் இருந்து இடுப்புவரை சிவப்பாக வழிந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் சிவக்கிறது. அவள் துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பட்டாளத்துக்காரருக்குப் பழைய குண்டுக் காயம் பிளந்துவிட்டது என்ற சேதி, மாமனார் படியேறுவதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே வைத்தியரும் வந்துவிட்டார்.

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மாமனாரைக் கட்டிலில் கிடத்தினார்கள். வைத்தியர் சட்டையைக் கழற்றித் தேடிப் பார்த்துவிட்டுக் காயம் உள்ளே இருக்கிறது என்றார். பூண்டையும் நெய்யையும் போட்டுக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். ஊரே வந்து சுற்றி நின்றது.

“எங்க வச்சு அண்ணாச்சி குண்டு பட்டுது?” என்று ஒருவர் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமனார் உத்தரத்தைப் பார்த்தபடி, “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்றார். அதைச் சொன்ன தோரணையில் அவருக்கு மூன்று குண்டாவது பட்டிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஈரச் சட்டையில் இருந்து பூவைக் கழற்றியபோதே அது வெளிறிப்போய் இருந்ததைப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் தையலில் முதல் வந்தவளின் மானம் போகும். அவர் இரண்டு வேளை நெய்க்கஞ்சி குடித்தார், நான் காய்ச்சிக் கொடுத்தேன்.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்த மாமியாருக்கு ரத்தத்துக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். ஏமாற்றியதற்குக்கூட அவர் அவ்வளவு பேசவில்லை. அவர் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

“காயிதப் பூன்னா கரஞ்சு போவும். இது முங்கினாலும் கூடவே வருகு. வருசா வருசம் இழவை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா?” என்று பூவைக் கொண்டுபோய்த் தொழுவத்து ஆணியில் மாட்டினார். கன்றுக்குட்டி ஒரு இதழைச் சப்பிப் பார்த்துவிட்டு விட்டது.

மாமனார் போய் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தைத்தது நான் அல்லவா?

“பூ என்ன பாவம் செஞ்சுது அத்தே? அடுத்த வருசம் மாமா மறுபடியும் வெறும் ஊக்கோடயா போய் நிக்கது?”

“ஆருன்னே தெரியாத செத்தவனுக்கு நம்ம வீட்டுல எதுக்குட்டி பூ?”

“தெரியாதவன் இல்ல” என்றார் மாமனார் தொழுவத்தில் இருந்தபடியே. “கொலசேகரத்துக்காரன். எனக்குக் கறியில உப்புப் பாத்தவன் அவன்தான். காய்ச்சல்ல போனான். உனக்கு லெட்டர் எழுதினதும் அவனாக்கும்.”

மாமியார் கையில் இருந்த தவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

மாமனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆனால் பட்டாளத்தில் இருந்து வந்த கடிதங்கள் அழகாக இருக்குமாம். அங்கே போய் எழுதப் படித்துக்கொண்டவர், ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டார் என்றே மாமியார் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார். கடிதங்களை எல்லாம் தன் மரப்பெட்டியில், கல்யாணச் சேலைக்கு மேலே வைத்திருந்தார். உள்ளே போய் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து, மாமனாருக்கு முன்னால் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

“‘நீ தவிடு கலக்கும்போது கேட்கும் வளையல் சத்தம் இங்கே மழைக்கு நடுவே எனக்குக் கேட்கிறது.’ இது ஆரு?”

“அவன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பசுவுக்குத் தவிடு வைக்கச் சொல்லி எழுதுன்னேன்.”

“‘நெல்லு என்ன விலைக்குப் போகிறது.’”

“அது நான்.”

“‘உடம்பைப் பார்த்துக்கொள், உன்னை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.’”

“அவன்.”

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். திடீரென்று மாமியாரின் குரல் தாழ்ந்தது.

“அப்ப நான் எழுதினதெல்லாம்?”

“அவன்தான் சத்தமா வாசிப்பான்.”

“சத்தமாவா?”

“அடுப்பு எரியுகதுல கேக்காதுல்லா. நாங்க நாலஞ்சு பேரும் கேட்டோம். நல்லா எழுதுகா உமக்க வீட்டுக்காரின்னு எல்லாரும் சொல்லுவானுவ.”

மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மாமனாருக்குச் சோறு என் கையால்தான் போனது. மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களை மறுபடி மறுபடி படித்தார். அவ்வப்போது தன் வளையலைப் பார்த்துக்கொள்வார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், “அவனுக்கு ஆரு உண்டுன்னு அவருட்ட கேட்டியா?”

கேட்டுவந்து சொன்னேன். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் முன்பே போய்விட்டாள். அவனுக்குக் கடிதம் போட ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டுக் கடிதம் வரும் நாளில் அவன்தான் முதலில் ஓடுவானாம். மாமியார் கடிதத்தை மடித்தார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

நாலாம் நாள் காலையில் நான் முற்றம் தெளிக்கும்போது மாமியார் குளத்தில் இருந்து வந்தார். தலையில் இருந்து கால்வரை உடுத்த சேலையோடு நனைந்திருந்தார். சொந்தத்தில் ஒரு சாவைக் கேட்டால், எத்தனை நாள் கழித்துக் கேட்டாலும், கேட்டவுடன் போய் அப்படித்தான் முங்குவோம்.

“ஆரு அத்தே?” என்றேன் பயந்துபோய்.

“லெட்டர் எழுதினவன்” என்றார். “இத்தன வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல.”

துணி மாற்றிவிட்டு மரப்பெட்டியைத் திறந்தார். கல்யாணச் சேலையை எடுத்து, அதன் சிவப்பு முந்தியில் இருந்து ஒரு சாண் கிழித்து என்னிடம் நீட்டினார். “இதுல தை. முப்பது வருசமா நனைக்கேன், ஒரு சொட்டுச் சாயம் போவல்ல. உனக்க கடைக்காரனை நம்பாத.”

தைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, இழை பெரிதாக விழுகிறது, ஊக்கு கோணலாக இருக்கிறது என்று உயிரை வாங்கினார். இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். முடிந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மாமனார் பூவை எடுத்துக்கொண்டு தானாகவே தொழுவத்துப் பக்கம் நடந்தார்.

“அங்க எங்க போறீங்க?” என்றார் மாமியார். “நம்ம வீட்டு ஆளுக்க பூவைத் தொழுவத்துலயா வைக்கது?” வாங்கித் துடைத்து, காய வைத்து, பெட்டியில் கடிதங்களுக்கு மேலே வைத்தார்.

என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகம். அந்த வாரம் அவரிடம் இருந்து வந்த கடிதத்தை நான் மிகவும் கவனமாகப் படித்தேன். குடையைப் பத்திரமாக வைக்கவும் என்று எழுதியிருந்தார். அவரே எழுதியதுதான், சந்தேகமில்லை.

அடுத்த நவம்பரில் மாமியாரே பெட்டியைத் திறந்து பூவை எடுத்து மாமனாரின் சட்டையில் குத்தினார். குத்தி முடித்தும் கையை எடுக்கவில்லை.

“ரெண்டு நிமிசம் பேசாம நிப்பீங்கல்லா, அப்ப அவன்ட்ட சொல்லுங்க” என்றார். “வளையலு இன்னும் கையிலதான் கெடக்குன்னு.”

மாமனார் தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.